உப்புச் சுமந்தவர்கள்

கித்துல்கலை என்றதும் இன்று பலருக்கு நினைவில் வருவது களனி கங்கையின் படகோட்டம். சற்று வயதானவர்க்கு, 1957இல் வெளிவந்த ‘குவாய் நதிப் பாலம்’ என்னும் ஆங்கிலத் திரைப்படம். அப்படத்துக்கான பாலத்தை இவ்வாற்றின்மீதே கட்டினர். கட்டியதை இங்கேயே தகர்த்தனர். அந்த இடத்தைப் பார்க்க இன்றும் வெளிநாட்டவர் வருகின்றனர். ஆனால் 1942, 43ஆம் ஆண்டுகளில் யப்பானியர் அமைத்த உண்மையான சயாம் – பர்மா ரயில் பாதையில் மாண்டோருள் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர். படத்தில் அவர்களுக்கு இடமில்லை. இது வேறு கதை. எனினும் அவ்வீதியில் பஸ்ஸில் செல்லும் போதெல்லாம் எமக்கு இது நினைவுக்கு வராமற் போவதில்லை.

சென்ற பெப்ரவரி மாதத்துச் சனிக்கிழமையொன்றில் உயர்தர வகுப்பு மாணவர் எழுவரை அழைத்துக்கொண்டு அங்கு சென்றோம். ஆற்றையோ பாலத்தையோ பார்ப்பதற்கன்று. மேலே காட்டினுள் இருக்கும் பெலிலென குகையைப் பார்ப்பதற்கு. எழுவரும் தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகள். அவர்களுள் ஒருவன் மறுவாரம் புதன்கிழமை பேச்சுப் போட்டியொன்றில் பேசவிருந்தான். தலைப்பு ‘தமிழர் தொன்மை’. பேச்சை எழுதிக் கொடுத்தவர் நாமே. பேராதனையில் தமிழ் படித்து வெளியேறியவர்க்கு இத்தகைய பேச்சு ஒரு மணி நேர வேலை. இனத்தின் மூப்பு, மொழியின் மூப்பு, கடல் கொண்ட நாடு, கப்பலோட்டிய குடி என்று அடுக்கிவிட்டால் மண்டபம் கைதட்டும். பல ஆண்டுகளாக அவ்வாறே அடுக்கி வருகிறோம், பரிசுகளும் வந்திருக்கின்றன.

தேயிலைச் சரிவு முடிந்து இறப்பர் மரங்கள் தொடங்கும் இடத்தில் வழிகாட்டியாக ஒரு சிங்கள முதியவர் சேர்ந்துகொண்டார். பால் வெட்டும் தொழிலாளி. மாணவர் அவரைச் ‘சீயா’ என்று அழைத்து, தங்குதடையின்றிச் சிங்களத்தில் உரையாடினர். வடபகுதியிலிருந்து வந்து எட்டாண்டுகளாகியும் எமது சிங்களம் இன்னும் பஸ் கட்டணத்தைத் தாண்டவில்லை. எனவே அவர் சொன்னவற்றுள் பாதியை மாணவரே எமக்கு மொழிபெயர்த்தனர்.

காட்டில் நுழைந்ததும் அட்டைகள் ஏறத் தொடங்கின. சப்பாத்து அணிந்திருந்த எம்மையே அவை அதிகம் நாடின. மாணவி ஒருத்தி தன் பையிலிருந்து சிறு துணி முடிச்சொன்றை எடுத்தாள். அதனுள் உப்பு. நீரில் நனைத்துக் காலிலே தேய்த்துவிட்டால் அட்டை விழுந்துவிடும். கொழுந்தெடுக்கப் போகும் தாய் தினமும் இடுப்பில் செருகிக்கொள்ளும் முடிச்சாம். அன்று சனிக்கிழமை அரைநாள் வேலை இருந்தும் மகளிடம் கொடுத்தனுப்பியிருக்கிறாள்.

பாதை ஒரு நீரோடையைக் கடந்து செங்குத்தாக ஏறிற்று. சீயா குறுக்குவழி ஒன்றை அறிவார். பெரும்பாறைகள் இரண்டு ஒன்றன்மேலொன்று சாய்ந்து நிற்க, இடையில் ஆள் பக்கவாட்டில் மட்டும் நுழையத்தக்க இடுக்கு. உள்ளே பாசியின் குளிர், வௌவால் நாற்றம். மாணவர் அணிலைப்போல் நழுவிச் சென்றுவிட்டனர். நாம் நடுவில் சிக்கிக்கொண்டோம். முன்னால் நின்ற மாணவன் தோற்பையை வாங்கி, கையைப் பிடித்திழுத்து, “மூச்ச விடுங்க சேர், வயிறு உள்ள போகும்” என்று சொல்லித்தந்தான். அவ்வாறே செய்து வெளியேறினோம்.

குகை என்று சொன்னாலும் பெலிலென இருண்ட பொந்து அன்று. மலையின் நெற்றி முன்னால் நீண்டு நிற்க, அதன் கீழே ஓர் ஊரையே மழைக்கு ஒதுங்க வைக்கலாம் போன்ற பரந்த இடம். நெற்றியிலிருந்து நீர் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. மழைக்காலத்தில் அது திரையாக விழுமாம். 1970களின் இறுதியிலும் அதன் பின்னரும் சிரான் தெரணியகல தலைமையில் இங்கு அகழ்வாய்வு நடைபெற்றது. அவ்வேளை தாம் இளைஞராக இருந்ததாகவும், கூலிக்கு மண் சுமந்ததாகவும் சீயா சொன்னார். ஒரு கூடை மண்ணைச் சலித்தால் நகத்தளவு கற்கள் சில கிடைக்கும். அவற்றை ஐயாமார் பொன்னைப்போல் எண்ணி எடுத்துக்கொள்வர் என்று சிரித்தார்.

அந்த நகத்தளவு கற்கள்தாம் செய்தி. பளிங்குக் கல்லை உடைத்து முக்கோணமாகவும் பிறையாகவும் செதுக்கிய கருவிகள். இத்தகைய கருவிகளை ஐரோப்பியர் செய்யத் தொடங்குவதற்குப் பன்னெடுங்காலம் முன்னரே இம்மழைக்காட்டு மனிதர் செய்தனர். முப்பதினாயிரம் ஆண்டுகளுக்கு முன் இக்கூரையின்கீழ் மனிதர் அடுப்பு மூட்டியிருக்கின்றனர். குரங்கையும் மலையணிலையும் வேட்டையாடினர். மரநத்தையைச் சுட்டுத் தின்றனர். காட்டு வாழையும் ஈரப்பலாவும் உண்டனர். தங்கள் இறந்தோரின் எலும்புகளை இங்கேயே விட்டுச்சென்றனர். இவர்களையே நூல்கள் ‘பலாங்கொடை மனிதர்’ என்கின்றன. வேடர்களின் மூதாதையர் இவர்களே என ஆய்வாளர் பலர் கருதுவர். இவர்கள் பேசிய மொழி எது? ஒரு சொல்கூட எஞ்சவில்லை. இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையில் அன்று கடல் இருக்கவில்லை. ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன்னரே கடைசியாக நீர் புகுந்து இரண்டையும் பிரித்தது. அக்காலத்தில் வருவோரும் போவோரும் நடந்தே வந்தனர், நடந்தே போயினர்.

இவற்றையெல்லாம் வகுப்பறைக் குரலில் சொல்லிக்கொண்டிருந்தோம். பேச்சுப் போட்டி மாணவன் கேட்டான்: “அப்ப சேர், நான் பாடமாக்குனது பொய்யா?”

பொய் என்று சொல்ல வாய் வரவில்லை. மெய் என்று சொல்லவும் வரவில்லை. சங்கப் பாடல்களின் பழமை வேறு, ஒரு மண்ணில் முதலில் கால் வைத்தவர் யார் என்பது வேறு என்று ஏதோ சொல்லிச் சமாளிக்க முயன்றோம். அதற்குள் உப்பு முடிச்சு கொண்டுவந்த மாணவி குறுக்கிட்டாள்.

“அந்தப் பேச்சுல ‘நாம்’, ‘நாம்’னு வருதே சேர். அதுல நாங்களும் இருக்கோமா? எங்க தாத்தா இங்கதான் பொறந்தாரு. தாத்தாவோட அப்பாவும் இங்கதான். பிரஜாவுரிமை கெடச்சது 2003க்குப் பொறகுதான்.”

1948ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பரீட்சைக்காக அவளுக்குக் கற்பித்தவர்களுள் நாமும் ஒருவர். அச்சட்டம் நிறைவேறியபோது பாராளுமன்றத்தில் யார் எப்பக்கம் நின்றனர் என்பதையும், பின்னர் தமிழ்த் தலைவர்களிடையே நேர்ந்த பிளவையும் குறிப்பெழுதக் கொடுத்திருக்கிறோம். எமது ஊரில் இவர்களின் பாட்டன்மாரை எப்பெயரால் அழைத்தோம் என்பதை எழுதக் கொடுத்ததில்லை. இங்கு எழுதவும் நாணுகிறோம். அப்பெயரைச் சொல்லி வளர்ந்த அதே வாயால்தான் அந்த ‘நாம்’ எழுதப்பட்டது.

விடை சொல்லாமல் வேறொன்றைச் சொன்னோம். அகழ்வில் கிடைத்த சான்றுகளின்படி இக்குகை மனிதர் கடற்கரையிலிருந்து உப்புக் கொண்டுவந்திருக்கின்றனர். கடலோ இங்கிருந்து நேர்கோட்டில் அளந்தாலும் அறுபது கிலோமீற்றருக்கு மேல். பாதையில்லை, வண்டியில்லை, மாடில்லை. கையிலிருந்து கைக்கு மாறி வந்ததோ, ஒருவரே சுமந்து வந்தாரோ, ஒவ்வொரு பிடியும் மனித முதுகில்தான் இம்மலை ஏறியிருக்க வேண்டும்.

மாணவி தன் கையிலிருந்த முடிச்சைப் பார்த்தாள். சீயாவுக்கு அதை மொழிபெயர்த்தும் சொன்னாள். அவர் வெகு நேரம் தலையாட்டிக்கொண்டிருந்தார்; அத்தனை கூடை மண் சுமந்தபோதும் இதை எவரும் தமக்குச் சொல்லவில்லை என்றார்.

கொண்டுசென்ற ரொட்டியையும் கட்டச்சம்பலையும் எண்மரும் சீயாவும் பகிர்ந்துண்டோம். மூன்று மணிக்கு மழை இருட்டியது. இறங்கும்போது இடுக்கு வழியைத் தவிர்த்துச் சுற்றுப்பாதையால் வந்தோம். அது எம்மை முன்னிட்டே என்பதை எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

பஸ்ஸில் அம்மாணவன் பேச்சுத்தாளை எம்மிடம் நீட்டினான். திருத்தித் தருவதாகச் சொன்னோம். “வேணாம் சேர், நானே எழுதுறேன்” என்றான். செவ்வாய்க்கிழமை மாலை கொண்டுவந்து காட்டினான். தொடக்கத்தில் குகை, நடுவில் உப்பு, பின்னர் கோப்பித் தோட்டங்களுக்காகக் கால்நடையாக மலையேறி வந்து வழியிலேயே மாண்டோர். சங்கமும் கடல்கோளும் இருந்தன; ஆனால் நாலு வரிக்கு மேல் இல்லை. எழுத்துப்பிழை பதினொன்று. அவற்றை மட்டும் திருத்திக் கொடுத்தோம்.

பரிசு கிடைக்கவில்லை. தலைப்பை விட்டு விலகிவிட்டான் என்று நடுவர்கள் புள்ளி குறைத்திருந்தனர். மண்டபத்தின் பின்வரிசையில், வேலை முடித்து நேரே வந்திருந்த பெண்கள் சிலர் மட்டும் அவன் பேசி முடித்த பின்னரும் கைதட்டிக்கொண்டிருந்தனர்.