அது ஓய்வு இல்லை, ரோஷம்

2019இல், 51 வயதில், வேலையை விட்டேன். கேட்டவர்களிடமெல்லாம் “சீக்கிரமே ரிட்டையர் ஆயிட்டேன்” என்று பெருமையடித்தேன். அது பொய். என் மகன் வயதுள்ள ஒருவர் எனக்கு மேலாளராக வந்தார். அவருக்குக் கீழே வேலை செய்ய ரோஷம் இடம் தரவில்லை. பிரிக்பீல்ட்ஸில் இருந்த அந்த அலுவலகத்தில் விஎஸ்எஸ் எனும் தன்விருப்பப் பணிவிலகல் திட்டத்தை அறிவித்ததும் முந்திக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். மனைவியிடம் அன்றிரவுதான் சொன்னேன்.

2013 ஜூலை முதல் மலேசியத் தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. இன்னும் ஒன்பது ஆண்டுகள் வயதைக் காட்டி யாரும் என்னை வீட்டுக்கு அனுப்பியிருக்க முடியாது. மாதா மாதம் சம்பளத்தில் 11 விழுக்காடு என் பங்கும், 12 விழுக்காடு முதலாளி பங்கும் இபிஎஃப் எனும் ஊழியர் சேமநிதியில் சேர்ந்துகொண்டிருந்தன. அந்த வரவு நிற்கப்போவதை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. கைக்கு வரும் விஎஸ்எஸ் தொகைதான் கண்ணை மறைத்தது.

அதில் பாதி மகள் கல்யாணத்துக்குப் போனது. ஊர் மெச்ச வேண்டுமே! மீதி கிள்ளான் வீட்டுக் கடனுக்கு. இபிஎஃப்பில் 50 வயதில் எடுக்க முடிந்த இரண்டாம் கணக்குப் பணத்தை அதற்கு முன்பே சமையலறையை இடித்துக் கட்டித் தீர்த்திருந்தேன். அப்போது முதல் கணக்கு 55 வயதுவரை பூட்டியிருந்தது. நடுவில் உள்ள ஆண்டுகளை எதை வைத்து ஓட்டுவது என்று யோசிக்கவே இல்லை.

கோவிட் காலத்தில் அந்தப் பூட்டும் திறந்தது. ஐ-சினார், ஐ-சித்ரா, 2022இல் சிறப்பு மீட்பு என எல்லா மீட்புத் திட்டங்களிலும் கைவைத்தேன். அந்தக் காலத் திட்டங்களில் நாடு முழுவதும் 81 லட்சம் பேர் 145 பில்லியன் ரிங்கிட்டை எடுத்தார்கள். அவர்களில் பலருக்கு அன்றைய சோற்றுக்கே வழியில்லை. நான் எடுத்ததோ, மறுபடி வேலை தேடிப் போனால் மானம் போய்விடும் என்று.

2022 தொடக்கத்தில் மனைவி இபிஎஃப் ஸ்டேட்மெண்டைப் பார்த்துவிட்டாள்.

“என்னங்க, போன வருசத்தவிடக் கொறைஞ்சிருக்கே?”

“டிவிடெண்ட் கொறைச்சிட்டாங்க” என்றேன்.

2020க்கு 5.20 விழுக்காடு கொடுத்த இபிஎஃப் வாரியம், 2021க்கு 6.10 விழுக்காடு கொடுத்திருந்தது. பத்திரிகையிலும் வந்த செய்தி அது. அவளுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. ஒன்றும் சொல்லாமல் ஸ்டேட்மெண்டை மடித்து வைத்தாள்.

வேலையோடு கம்பெனி மெடிக்கல் கார்டும் போயிற்று. சர்க்கரை நோய் வந்த பிறகு சொந்தமாகக் காப்புறுதி எடுக்கப் போனால், அந்த நோய்க்கு மட்டும் கிடையாது என்றார்கள். இன்று கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா அரசு மருத்துவமனை இருப்பதால் 5 வெள்ளியில் நிபுணரைப் பார்க்க முடிகிறது.

55 வயதில் ஒருவரிடம் 240,000 வெள்ளியாவது இருக்க வேண்டும் என்று இபிஎஃப் பல ஆண்டுகள் சொல்லி வந்தது. மாதம் 1,000 வெள்ளி வீதம் 20 ஆண்டுகளுக்கான கணக்கு அது. அதுவே போதாது என்று இப்போது படிப்படியாக 390,000க்கு உயர்த்துகிறார்கள். என்னிடம் பழைய அளவும் இல்லை. 5.5 விழுக்காடு கிடைத்தால் எடுக்காமல் விட்ட 10,000 வெள்ளி ஏறக்குறைய 13 ஆண்டில் இரட்டிப்பாகும். நான் எடுத்த ஒவ்வொரு பத்தாயிரமும் முதுமையில் இருபதாயிரம்.

இப்போது தெங்கு கிளானா சாலையில் ஒரு ஜவுளிக்கடையில் கல்லாவில் உட்காருகிறேன். முதலாளி என் மகனைவிட இளையவர். போய்விடக்கூடாது என்று நான் காத்த மானம் இதில் ஒன்றும் போய்விடவில்லை. அங்கிருந்து கட்டும் சந்தா ‘அக்காவுன் எமாஸ்’ எனும் இபிஎஃப் கணக்கில் சேருகிறது. 60 வயதுவரை எடுக்க முடியாது. என்னைப் போன்றவனுக்கு அதுதான் நல்லது.

விஎஸ்எஸ் கடிதம் வந்தால் கையெழுத்துப் போடும் முன் வீட்டில் காட்டுங்கள். 60 வயதுவரை வரவு எங்கிருந்து வரும், மருத்துவச் செலவை யார் கட்டுவார் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எழுத முடியாவிட்டால் மறுநாள் வழக்கம்போல் வேலைக்குப் போங்கள்.