இரண்டு வீடுகளின் டிசம்பர்

கார் நிக்கோபார் தீவின் ஊர்கள் நெடுங்காலமாகவே இரண்டு இடங்களில் இருந்தவை. கடற்கரையில் எல்பனம்; அங்கிருந்து சற்று உள்ளே, தென்னையும் தோட்டமும் சூழ்ந்த இடத்தில் துகேத்தின் குடியிருப்பு. துகேத் என்பது கூட்டுக் குடும்பத்தையும், அது பொதுவில் ஆளும் நிலத்தையும், தென்னையையும், பன்றிகளையும் சேர்த்தே உணர்த்தும் சொல். 'குடும்பம்' என்று தமிழாக்கினால் பாதிப் பொருள் உதிர்ந்துவிடும். அன்றாட உணவும் உறக்கமும் உள்வீட்டில். பிறப்பும் இறப்பும் எல்பனத்தில். பேறுகாலம் நெருங்கிய பெண்ணைக் கரையிலுள்ள பேற்று மனைக்கு அழைத்துச் செல்வர். இறப்பை எதிர்நோக்கும் முதியவரையும் அங்கேயே கொண்டுவந்து கிடத்துவர். விருந்தினர் தங்கும் மனை, ஹோடி எனப்படும் படகுகளின் கொட்டில், இடுகாடு, ஊர் கூடும் வெளி ஆகிய யாவும் அந்த மணற்கரையில்தான் இருந்தன. ஆக, இரண்டு வீடுகளுக்கிடையே வாழ்வது நிக்கோபாரியருக்கு நகரமும் வேலையும் கொண்டுவந்த புதுப் பழக்கம் அன்று.

அந்த வாழ்வில் கிறிஸ்துமஸ் வந்து சேர்ந்தது மிக அண்மையில். அதன் தொடக்கத்தில் தமிழர் ஒருவர் நிற்கிறார் என்பதைத் தமிழ்நாட்டில் அறிந்தோர் சிலரே. வேதப்பன் சாலமோன் என்னும் அவர் சென்னையிலிருந்து சென்றவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியாண்டுகளில் கார் நிக்கோபாரில் ஆங்கில அரசின் முகவராகவும் சமய ஆசிரியராகவும் இருந்து, மூஸ் என்னும் ஊரில் பள்ளி நடத்தினார். அவரிடம் படித்த சிறுவர்களுள் ஒருவர் பின்னாளில் பேராயரான ஜான் ரிச்சர்ட்சன். பர்மாவில் கல்வி பயின்று திரும்பிய ரிச்சர்ட்சன், தம் மொழியில் புதிய ஏற்பாடு வெளிவர உழைத்தார். 1952இல் நாட்டின் முதல் மக்களவைக்கு நியமன உறுப்பினராகச் சென்றார். எனினும் தீவினர் பெருந்திரளாகக் கிறித்தவம் தழுவியது, 1942 முதல் 1945 வரை நீடித்த சப்பானிய ஆக்கிரமிப்பு முடிந்த பின்னரே. இன்று எண்பது கடந்த முதியவர்களின் பெற்றோர் பலர் கிறிஸ்துமஸ் இல்லாத டிசம்பர்களையும் கண்டவர்கள். பழைய விருந்து மரபு எதையும் புதிய பண்டிகை அழித்துவிடவில்லை. பன்றியும், தாழம்பழக் கூழும், ஊர் ஊரை அழைத்து உண்பிக்கும் முறையும் அப்படியே தேவாலய முற்றத்துக்கு இடம்பெயர்ந்தன.

போர்ட் பிளேரில் அரசுப் பணியில் இருக்கும் ஒரு நிக்கோபாரிக் குடும்பத்தின் டிசம்பர் ஏறத்தாழ இப்படித்தான் அமையும். (நகரத்துக்கு 2024இல் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றப்பட்டுவிட்டது; பேச்சில் பழைய பெயர் போகவில்லை.) மாதத் தொடக்கத்திலேயே கப்பல் பயணச்சீட்டைப் பற்றிய கவலை வந்துவிடும். கார் நிக்கோபாருக்குச் செல்லும் கப்பல் பத்துப் பாகைக் கால்வாயைக் கடக்க வேண்டும். வடகிழக்குப் பருவக்காற்று ஓயாத நாள்களில் அக்கடல் எளிதில் இடம் தருவதில்லை. கப்பல் தள்ளிப்போகும், பயணம் உறுதியான பின்னும் பிள்ளைகளின் பள்ளி, கணவனின் விடுப்பு, மனைவியின் பணிமுறை மூன்றும் ஒன்றுபட வேண்டும். கட்டி வைத்த மூட்டைகளில் அரிசி, சீனி, புத்தாடை, தீவில் கிடைக்காத மருந்து, அண்ணன் பிள்ளைகளுக்குக் கால்பந்து. திரும்பும்போது அதே மூட்டைகளில் தேங்காயும் உப்பிட்ட இறைச்சியும் வரும்.

நகரத்து நண்பர்களையும் விட்டுவிட முடியாது. ராஞ்சிப் பகுதியிலிருந்து வந்து குடியேறிய உழைப்பாளர் வழியினர், கரேன் மக்கள், தமிழ்க் கிறித்தவர்கள், தெலுங்கர், அயலிலுள்ள வங்காளி இந்துக் குடும்பம் என எல்லார் வீட்டுக்கும் இனிப்புப் போக வேண்டும். அவர்களில் எவரும் கார் நிக்கோபாருக்கு உடன் வர இயலாது. 1956ஆம் ஆண்டின் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குவிதியின்படி அத்தீவு வெளியார்க்கு அனுமதிச்சீட்டின்றித் திறவாது. ஆகவே நண்பர்களுடன் கொண்டாடுவது புறப்படும் முன்பே முடிந்துவிடும். நகரத்தின் கிறிஸ்துமஸ் ஒன்று, தீவின் கிறிஸ்துமஸ் வேறொன்று. முன்னதற்கு வந்தவர்கள் பின்னதைப் படத்தில் மட்டுமே காண்பர். விதி வேண்டாதது என்று சொல்வதற்கில்லை. அது இல்லாதிருந்தால் அந்தத் தென்னந்தோப்புகள் என்றோ விடுதிகளாகியிருக்கும்.

2004ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் சனிக்கிழமையன்று வந்தது. மறுநாள் ஞாயிறு. விடுமுறைக்கு ஊர் திரும்பியிருந்த மாணவர்களும் பணியாளர்களும் கரையோர ஊர்களில் இருந்தனர்; பண்டிகை முடியவில்லை, புத்தாண்டு வரை நீளவேண்டியது. காலை ஏறத்தாழ ஆறரை மணிக்கு நிலம் நடுங்கிற்று. ஒரு மணி நேரத்துக்குள் கடல் வந்தது. வேளாங்கண்ணியில் கிறிஸ்துமஸுக்காகக் கூடிய யாத்திரிகர்களைக் கடல் கொண்டுபோனதைத் தமிழ்நாடு மறக்கவில்லை. அதற்கும் முன்னரே நிக்கோபாரில் அது நிகழ்ந்துவிட்டிருந்தது. வீட்டுக்கு வந்ததனாலேயே இறந்தவர்கள் உண்டு. கப்பலில் இடம் கிடைக்காமல் நகரத்திலேயே தங்கி உயிர் தப்பியவர்களும் உண்டு. பின்னவர்களின் துயரத்துக்கு ஆறுதல் சொல்லும் வழி எவருக்கும் தெரியவில்லை. 2001இல் 42,068 ஆக இருந்த நிக்கோபார் மாவட்ட மக்கள்தொகை 2011இல் 36,842 ஆகக் குறைந்தது. வெளியேறிச் சென்றோரும் அந்தக் கணக்கில் அடங்குவர் என்றாலும், இந்தியாவில் ஒரு மாவட்டம் பத்தாண்டில் இவ்வளவு சுருங்குவது அரிது.

கடல் முதலில் அழித்தது எல்பனத்தை. பேற்று மனையும் இடுகாடும் ஒருசேரப் போயின. முன்னோர் புதையுண்ட மண்ணே இடம் தெரியாமல் போயிற்று. திரிங்கட் தீவு துண்டுபட, அதன் மக்கள் கமோர்த்தாவுக்கு இடம்பெயர்ந்தனர். பானை வனைவதில் பெயர் பெற்ற சௌராவின் மக்கள் தெரெசாவில் தங்கவைக்கப்பட்டனர். முதலில் தகரக் கொட்டகைகள். சில ஆண்டுகளுக்குப் பின், கரையிலிருந்து விலகி, பெருநிலத்திலிருந்து கப்பலேற்றிய இரும்புச் சட்டங்களால் எழுப்பிய நிரந்தர வீடுகள். அரசு அவற்றைத் தலைக்கட்டு ஒன்றுக்கு ஒன்றாக எண்ணி வழங்கிற்று. இழப்பீட்டுத் தொகையும் அவ்வாறே தனித்தனி வங்கிக் கணக்குகளில் சேர்ந்தது. துகேத்துக்கு என்று ஒரு வீட்டை வரைய அந்தப் படிவத்தில் இடமில்லை. சுனாமிக்கு முன்னரும் பின்னரும் இத்தீவுகளை ஆய்ந்த சூழலியலாளர் சிம்ரன் ஜித் சிங், உதவியின் வெள்ளம் அந்தச் சமூகத்தின் கட்டமைப்பைக் குலைத்த விதத்தை விரிவாக எழுதியுள்ளார். உதவியே வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. எவர் கையில் கொடுப்பது என்று கேட்டிருந்தால் போதும்.

ஆனால் டிசம்பரில் துகேத் மறுபடியும் ஒன்றாகிறது. பதினொரு மாதமும் தனி அடுப்பில் சமைத்தவர்கள் ஒரே பெரிய கலத்தில் சமைக்கின்றனர். எந்தப் பன்றி, எத்தனை பன்றி என்பதை மூத்தவர் தீர்மானிக்கிறார். நகரத்திலிருந்து வந்த மருமகள் எந்த வீட்டில் தூங்குவது என்ற கேள்வி எழுவதில்லை. இடம் உள்ள இடத்தில் பாய் விரிகிறது. பிள்ளைகள் கரைக்கு ஓடுகிறார்கள். முதியவர்களில் சிலர் அங்கு இறங்குவதே இல்லை. இருபத்தைந்தாம் தேதி பாட்டும் விருந்தும் விளையாட்டும். மறுநாள் காலையில் அதே தேவாலயத்தில், அதே பாடகர் குழு, இறந்தவர்களுக்கான வழிபாடு. இரண்டு நாளுக்கும் ஒரே வெள்ளாடைதான்.

தெற்கே கிரேட் நிக்கோபாரில் 'இரண்டு வீடு' என்பதற்கு இன்னொரு பொருள் உண்டு. அது போர்ட் பிளேரைவிடச் சுமத்ராவுக்கு அருகிலுள்ள தீவு. இந்திரா முனையின் நிலம் 2004இல் நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. சிங்ஙென், புலோ பா, கொக்கியோன், புலோ பக்கா, இன் ஹயெங் லோய் முதலிய ஊர்களில் வாழ்ந்த நிக்கோபாரியர் காம்பெல் பே அருகிலுள்ள ராஜீவ் நகரிலும் புதிய சிங்ஙெனிலும் குடியமர்த்தப்பட்டனர். சொந்த ஊருக்குத் திரும்ப வேண்டும் என்று அவர்கள் பலமுறை கேட்டனர். இதற்கிடையே, பெருந்துறைமுகமும் விமான நிலையமும் நகரியமும் மின்நிலையமும் அடங்கிய பெருந்திட்டம் அத்தீவுக்கு வந்தது. 2022 ஆகஸ்டில் தந்த தடையின்மைச் சான்றைப் பழங்குடி மன்றம் நவம்பரில் திரும்பப் பெற்றது. தங்கள் மூதாதையர் ஊர்களின் நிலமும் திட்டத்துக்குள் அடங்கும் என்பது முன்னர்ச் சொல்லப்படவில்லை என்று அது எழுதிற்று.

ராஜீவ் நகரில் பிறந்த தலைமுறைக்கு இன்று இருபது வயது ஆகப்போகிறது. அவர்களுள் எல்லாரும் கிறித்தவர் அல்லர். ஆயினும் டிசம்பர் விடுமுறை எல்லார்க்கும் உண்டு. கடல் ஒத்துழைக்கும் நாளில் பெரியவர்கள் அவர்களைப் படகில் ஏற்றிப் பழைய ஊர்ப்பக்கம் அழைத்துச் செல்கின்றனர். அங்கே வீடு எதுவும் இல்லை. தென்னை எவருடையது என்பதை மட்டும் சொல்லிக் கொடுக்கிறார்கள்.