ஒரே பெயர், இரண்டு பேர்

யூலை 3

அப்பாவின் றங்குப்பெட்டியில் இரண்டு கடதாசிகள் ஒன்றாகக் கட்டிக் கிடந்தன. ஒன்று, அந்தியேட்டிக்கு அச்சிட்ட கல்வெட்டு என்னும் நினைவுப் புத்தகம், அட்டை இல்லை. மற்றது, 1974இல் ஈழநாடு பத்திரிகையில் வந்த மரண அறிவித்தல். இரண்டிலும் ஒரே பெயர், ஒரே ஊர். கல்வெட்டில் ஆனந்த வருடம். 1974உம் ஆனந்த வருடந்தான். மலாயாவில் தைப்பிங்கில் கிளாக்கராக இருந்துவிட்டு ஊர் திரும்பி வாத்தியாரான பூட்டன் என்றே வம்சாவளியில் எழுதிவைத்திருந்தேன்.

யூலை 4

கல்வெட்டின் திதி வெண்பாவில் ஆனி மாதம், பூர்வபக்கத் தசமி, அதாவது வளர்பிறை. பத்திரிகையில் யூலை 10. அந்த வருடம் யூலை 4 பறுவம். பத்தாம் திகதி தேய்பிறை. வெண்பா பிழை என்று ஒதுக்க மனம் வரவில்லை. திவசம் தவறக்கூடாது என்றுதானே திதியைப் பாட்டில் வைத்தார்கள்? ஆனால் வருடப் பெயர் அறுபது வருடத்துக்கு ஒருமுறை திரும்பி வரும். முந்திய ஆனந்த வருடம் 1914.

யூலை 6

அறிவித்தலில் 'அன்னார்' என்று தொடங்கும் வாக்கியம் மகன், கணவர், தந்தை, மாமனார், மைத்துனர், சகலன் என்று முடியாமல் ஓடுகிறது. சின்ன வயதில் இதை வாசிக்காமல் தாண்டிவிடுவேன். எங்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை. தகப்பன் பெயர் முன்னுக்கு நிற்கும். அடுத்த தலைமுறையில் அதுவும் மாறும். ஆளைக் காட்டித்தருவது இந்த உறவுமுறைகள்தான். கல்வெட்டில் மனைவி பெயர் வேறு, மைத்துனர்மார் வேறு. ஆக, இவர்கள் இரண்டு பேர்.

யூலை 9

எங்கள் ஆட்களுக்குக் கல்லறை இல்லை. சாம்பல் கீரிமலைக் கடலோடு போய்விடும். ஆனால் பூட்டனின் தகப்பனுடைய தங்கை ஒருவர் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தவர். அவரைத் தேடி உடுவில் போனேன். சேமக்காலையில் அந்தப் பெயரில் கல் இல்லை. அமெரிக்க மிசன் 1824இல் அங்கே தொடங்கிய பெண்கள் பாடசாலையில், படிப்புக்குப் பணம் அனுப்பிய அமெரிக்கர்களின் பெயரைப் பிள்ளைகளுக்கு வைக்கும் வழக்கம் இருந்தது. வட்டுக்கோட்டைச் செமினரியிலும் அப்படியே. கடைசியில் ஞானஸ்நான இடாப்பில் புதுப் பெயருக்குப் பக்கத்தில் பழைய பெயரும் தகப்பன் பெயரும் கிடைத்தன. அதைக் கொண்டுதான் கல்லைக் கண்டேன். தகப்பன் பெயரை வாசித்ததும் கை நின்றுவிட்டது. அதுவும் பூட்டனின் பெயரே.

யூலை 10

மாமிக்குத் தொலைபேசி எடுத்தேன். வயது எண்பத்தெட்டு.

"பேப்பரில வந்தவர் பூட்டன் இல்லைத் தம்பி. அவர் எங்கடை பெரியப்பான்ரை மகன், வாத்தியார் அண்ணை. எனக்கு ஆனா எழுதப் பழக்கினதே அவர்தான். பேரன்ரை பேரைத்தானே பேரனுக்கு வைச்சது."

எங்கள் ஊரில் பாட்டனும் பேரன், பேரப்பிள்ளையும் பேரன். தைப்பிங்கில் இருந்தவர் 1914இல் போனவர். வாத்தியார் 1974இல் போனவர். மாமிக்கு எழுத்தறிவித்தவரை வேறொருவரின் வாழ்க்கைக்குள் நான் புதைத்து வைத்திருந்தேன். அது இன்னும் மனதை உறுத்துகிறது.

யூலை 11

ஈழநாடு 1959இல் தொடங்கியது. 1981இல் அதன் அலுவலகத்தை எரித்தார்கள். அதே நாட்களில் யாழ்ப்பாண நூலகமும் தொண்ணூற்றேழாயிரம் நூல்களோடு எரிந்தது. 1995 இடப்பெயர்வில் எத்தனை றங்குப்பெட்டிகள் வீடுகளிலேயே விடுபட்டன! மிஞ்சிய கல்வெட்டுகளை நூலக நிறுவனம் வருடி இணையத்தில் சேர்த்துவருகிறது. எங்களுடையதையும் கொடுத்துவிட்டேன். உங்கள் அலுமாரியில் ஒன்று இருந்தால் நீங்களும் கொடுங்கள். கொடுக்குமுன், வருடப் பெயருக்குப் பக்கத்தில் ஆண்டை இலக்கத்தில் எழுதிவிடுங்கள்.