பாதியில் கழுவிய தலை

"எரியுதா அக்கா?" என்று நாலாவது தடவையாகக் கேட்டாள். கையுறை போட்ட கையில் தூரிகையுடன் எனக்குப் பின்னால் நின்றாள். அவள் முகம் கண்ணாடியில் தெரிந்தது. "கழுத்தடியில கொஞ்சம் கடிக்குது" என்றேன். அவ்வளவுதான். என்னை இழுத்துக்கொண்டு போய்க் கிணற்றடியில் குனியவைத்து, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றத் தொடங்கினாள். ரிலாக்சர் பெட்டியில் போட்டிருந்த நேரத்தில் பாதிகூட ஆகியிருக்கவில்லை.

திருகோணமலையில், உள்துறைமுக வீதிக்குக் கிட்ட ஒரு ஒழுங்கையில், வாடகைக்கு எடுத்த ஒரு முன்னறைதான் அவளுடைய சலூன். ஒரு கண்ணாடி, ஒரு சுழல் கதிரை, ஒரு மேசை விசிறி. தலைமயிரை நேராக்க வந்த முதல் ஆள் நான். சமூக சேவையாளராக அவளைப் பயிற்சிக்கு அனுப்பியவளும் நான்தான். போரால் பாதிக்கப்பட்ட பெண்களுக்கென்று வரும் வாழ்வாதாரத் திட்டங்களில் பெரும்பாலும் இரண்டுதான் இருக்கும்: தையல் மெஷின் அல்லது அழகுக்கலை. தையல் படித்தவர்கள் எங்கள் பகுதியில் ஒழுங்கைக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அதனால் அவள் அழகுக்கலையைத் தெரிந்துகொண்டாள். சான்றிதழ் வாங்கினாள். ஆனால் முதல் தலையை யார் கொடுப்பது? நான் கொடுத்தேன்.

காய்ந்த பிறகு பார்த்தால், மேற்படை நேராக விழுந்து கிடந்தது. உள்ளே கையை விட்டால் பழைய சுருள் அப்படியே இருந்தது. உச்சி பொங்கி நின்றது. கச்சான் காற்று வீசும் காலம் வேறு. மறுநாள் நான் போன பெண்கள் குழுக் கூட்டத்தில் சேமிப்புக் கணக்கை விட என் தலையைப் பற்றித்தான் கூடுதலாகக் கதைத்தார்கள். "என்ன பிள்ளை, தலைக்கு என்ன நடந்தது? ஆர் செய்தது?" என்று ஒரு அம்மா கேட்டார். யார் செய்தது என்று நான் சொல்லவில்லை. சொன்னால் அந்த முன்னறைக்கு அதற்குப் பிறகு யாரும் போகமாட்டார்கள்.

அன்று பின்னேரம் அவள் இன்னொரு பெட்டியோடு வீட்டுக்கு வந்தாள். கண் வீங்கியிருந்தது. "காசு வேண்டாம் அக்கா. நாளைக்கே திரும்பப் பூசி விடுறன்" என்றாள். நானும் தலையாட்டியிருப்பேன். நல்லகாலம், அவளுக்குப் படிப்பித்த ஆசிரியையிடம் முதலில் கேட்போம் என்று தோன்றியது. தொலைபேசியில் அவர் எங்கள் இருவருக்கும் சேர்த்து ஏசினார். "இப்ப திரும்பக் கை வச்சா முடி கையோட வரும். எட்டுக் கிழமைக்கு முதல் ஒண்டும் செய்யாதீங்க. பத்து எண்டா இன்னும் நல்லம்."

ஏன் என்பதை அதன் பிறகுதான் தேடி வாசித்தேன். தலைமயிர் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அந்தப் புரத இழைகளைக் குறுக்கே கட்டி வைத்திருப்பவை கந்தகப் பிணைப்புகள். என் தலையில் பூசியது கல்சியம் ஐதரொட்சைட்டுக் களிம்பும் குவானிடின் காபனேற்றுத் திரவமும் கலக்கிற வகை. கலந்ததும் கடுங்காரமாகிறது, ஒரு நாளுக்குள் பாவித்துவிட வேண்டும். அந்தக் காரம் கந்தகப் பிணைப்பை உடைத்து வேறொன்றாக மாற்றிவிடும். மாறியது திரும்பாது. பாதியில் கழுவினால் சில பிணைப்புகள் உடைந்தும் சில உடையாமலும் நிற்கும். நேராகாத இடம் பலமாக இருக்கிறது என்று அர்த்தமில்லை, அதுவும் பாதி நொந்ததுதான். அதன் மேல் உடனே காரம் பட்டால், ஏற்கனவே நேரான பக்கம் அறுந்து விழும்.

கடித்ததும் கழுவியதில் அவளுடைய பிழை எதுவும் இல்லை. தலைத்தோல் எரிந்தால், நேரம் ஆனதோ இல்லையோ, கழுவத்தான் வேண்டும். பிழை என்னுடையது. ஊத்தைத் தலையோடு போகக் கூடாதென்று முதல் நாள் இரவு ஷம்பூ போட்டு, நகத்தால் நன்றாகத் தேய்த்து முழுகிவிட்டுப் போயிருந்தேன். ரிலாக்சர் பூசுவதற்கு முன் சில நாட்கள் முழுகக் கூடாது, சொறியக் கூடாது. தோலில் உள்ள எண்ணெய்ப்பசைதான் காவல். அவளும் கழுத்தடியிலும் காதோரத்திலும் வாசலின் பூச மறந்துவிட்டாள். கிணற்றடியில் அவள் பதறியதற்கு வேறொரு காரணமும் இருந்தது. அதைப் பின்னர்தான் சொன்னாள். 2006 சித்திரையில் சம்பூரை விட்டு ஓடியபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. வழியில் எரிகாயத்தோடு கிடந்தவர்களைப் பார்த்திருக்கிறாள். எரியுது என்ற சொல் அவளுக்கு வெறும் சொல் இல்லை.

ஒவ்வொரு சனிக்கிழமையும் என் தலை அவளுடைய பொறுப்பு என்று பேசிக்கொண்டோம். முதல் வேலையாக நுனியில் அரை அங்குலம் வெட்டினாள். முழுகுவதற்கு முதல் நாள் இரவு தேங்காயெண்ணெய் பூசினாள். முழுகும்போது மயிரிலிருந்து புரதம் வெளியேறுவதைத் தேங்காயெண்ணெய் குறைக்கிறது என்று 2003 இல் இந்தியாவில் செய்த ஒரு ஆய்வு காட்டியிருக்கிறது. சூரியகாந்தி எண்ணெயால் அப்படிச் செய்ய முடியவில்லையாம். எங்கள் அம்மம்மாமாருக்கு ஆய்வு தேவைப்படவில்லை. பிடிவாதக்காரர்களுக்காகச் சொல்கிறேன்.

தண்ணீர்தான் பெரிய கரைச்சல். எங்கள் கிணறுகள் பலவற்றில் உவர். கல்சியம் வகை ரிலாக்சர் மயிரில் ஒரு சுண்ணப்படிவை விட்டுப் போகும். அதன் மேல் உவர்த் தண்ணீரும் பட்டால் மயிர் தும்புக்கட்டு மாதிரி ஆகிவிடும். ஆகவே கடைசி வாளிக்கு மட்டும் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைத்தோம். சிக்கெடுப்பதற்கு அகலப்பல் சீப்பு. நுனியில் தொடங்கி மெல்ல மெல்ல மேலே போக வேண்டும். புதிதாக முளைத்து வரும் சுருளும் மருந்து பட்ட பகுதியும் சந்திக்கிற இடம்தான் முதலில் முறியும். மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் வளர்வதால், அந்தப் பலவீனமான இடமும் கிழமைக்குக் கிழமை கீழே இறங்கிக்கொண்டே போகும். இறுக்கிப் பின்னினாலும் உச்சியில் இழுத்துக் கொண்டை போட்டாலும் அங்கேதான் இழுபடும். சூடான அயன் பக்கமே போகக் கூடாது.

வேறு கடையில் ரிபொண்டிங் செய்து சரிப்படுத்து என்று இரண்டு பேர் எனக்கு அறிவுரை சொன்னார்கள். இதை மட்டும் கவனமாகக் கேளுங்கள், சகோதரிகளே. ரிபொண்டிங் செய்வது தயோகிளைக்கொலேற்று என்ற வேறு இரசாயனத்தால். ஐதரொட்சைட்டு பட்ட மயிரில் அது பட்டால் மயிர் அறுந்து விழும். மறுபக்கமாகச் செய்தாலும் அதே கதைதான். புதிய கடைக்குப் போகிறவர், முதல் எதைப் பூசினோம் என்று சொல்லாமல் கதிரையில் இருக்கக் கூடாது.

மூன்றாவது சனிக்கிழமை அவளுக்கு ஒரு யோசனை வந்தது. சுருளை நேராக்க முடியாவிட்டால் நேரானதைச் சுருளாக்கிவிட்டால் என்ன? ஈரம் பாதி காய்ந்த தலையை ஆறு தளர்ந்த பின்னல்களாகப் பின்னினாள். விடிய அவிழ்த்தேன். தலை முழுவதும் ஒரே அலை. எது நேர், எது சுருள் என்று எனக்கே தெரியவில்லை. அலுவலகத்தில் "புது ஸ்டைலோ?" என்று கேட்டார்கள். அன்று முதல்முறையாக, அவள்தான் செய்தவள் என்று ஒழுங்கையின் பெயரோடு சொன்னேன்.

பின்னும்போதுதான் கதைகள் வரும். கிளிவெட்டி முகாமில் பேனும் தண்ணீர்த் தட்டுப்பாடுமாக இருந்ததால், அவளுடைய இடுப்பளவு மயிரை அவளின் தாயே கத்தரித்துவிட்டார். பவுசர் வரும் நாளில் குடிக்கப் பிடிப்பதா, முழுகப் பிடிப்பதா? 2016 இல் ஊர் திரும்பும் வரை அவள் மயிரைத் தோளுக்குக் கீழே வளர விடவில்லை. "உங்களுக்கு ஏன் அக்கா நேராக்க வேணும்? சுருளும் வடிவுதானே?" என்று அவள் கேட்டபோது எனக்கு உடனே பதில் வரவில்லை.

பள்ளிக்கூடத்தில் என்னைக் 'காப்பிலி மயிர்' என்று கூப்பிடுவார்கள். அது வெறும் வசைச்சொல் என்றுதான் நினைத்திருந்தேன். உண்மையில் அது ஒரு மக்கள் கூட்டத்தின் பெயரிலிருந்து வந்தது. போர்த்துக்கேயரும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் ஆபிரிக்காவிலிருந்து படைவீரர்களாகவும் அடிமைகளாகவும் கொண்டுவந்த மனிதர்களின் வழிவந்தோர் புத்தளம் சிறாம்பியடியில் இன்றும் வாழ்கிறார்கள். திருகோணமலையிலும் சில குடும்பங்கள் உண்டு. துறைமுகம் உள்ள ஊரில் யாருடைய மயிர் எங்கிருந்து வந்தது என்று யாரால் சொல்ல முடியும்? இவ்வளவு சமூகவியல் படித்தும் அந்தச் சொல்லின் கடி எனக்குப் போகவில்லை. அதுதான் உண்மையான பதில். அவளிடம் அப்படியே சொன்னேன்.

இந்த நேராக்கும் களிம்பின் கதையும் அந்த மக்களோடுதான் தொடங்குகிறது. அமெரிக்காவில் கரட் மோர்கன் என்ற கறுப்பின மனிதர் தையல் மெஷின் திருத்துபவராக இருந்தார். ஊசி சூடாகித் துணியைக் கருக்காமல் இருக்க ஒரு திரவம் செய்து, அதைத் துடைத்த துணியின் நார்கள் நேராகி நிற்பதைக் கண்டாராம். அதிலிருந்து பிறந்ததாம் அவருடைய களிம்பு. 1923 இல் வீதிச் சமிக்ஞைக்குக் காப்புரிமை பெற்றவரும் அவர்தான். தையல் மெஷினும் அழகுக்கலையும் ஒரே மேசையிலிருந்து வந்த கதையைக் கேட்டு அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

சிரிக்க முடியாத விஷயமும் ஒன்று இருக்கிறது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் 2022 இல் ஒரு ஆய்வை வெளியிட்டது. 33,497 பெண்களை ஏறத்தாழ 11 ஆண்டுகள் அவதானித்து எழுதியது. மயிர் நேராக்கும் பொருட்களை ஒருபோதும் பாவிக்காதவர்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.64 வீதம். ஆண்டில் நாலு தடவைக்கு மேல் பாவித்தவர்களில் 4.05 வீதம். அந்தப் பொருட்கள்தான் காரணம் என்று ஆய்வு நிரூபித்துவிடவில்லை. ஆனாலும் நான் கணக்குப் பார்த்தேன். எட்டுக் கிழமைக்கு ஒரு தடவை என்றால் வருடத்தில் ஆறு. நாலு மாதத்துக்கு ஒரு தடவை என்றால் மூன்று. இந்தப் பத்துக் கிழமை முடிந்ததும் இனி நாலு மாதம் என்று முடிவெடுத்தேன். சில பேர் வேண்டவே வேண்டாம் என்பீர்கள், அதுவும் சரிதான். அவளுக்கோ இது தினமும் கை படுகிற தொழில். அந்த அறையின் பின்பக்க ஜன்னலைத் திறக்கச் சொல்லி வீட்டுக்காரரோடு நான் ஒரு கிழமை வாதாடினேன்.

பத்தாவது கிழமை வந்தது. நான் நாலு நாள் முழுகாமல் போனேன். அவள் காதோரம், கழுத்தடி எல்லாம் வாசலின் பூசினாள். முதலில் ஒரு கற்றைக்கு மட்டும் மருந்து வைத்து, மணிக்கூட்டைப் பார்த்து, கழுவித் துடைத்து, எவ்வளவு நேரம் வேண்டும் என்று கொப்பியில் எழுதினாள். பிறகு புது வளர்ச்சிக்குப் பூசினாள். போன தடவை பாதியில் நின்ற பகுதிக்குக் கடைசிச் சில நிமிடங்கள் மட்டும். நேரான பகுதியைத் தொடவேயில்லை. இந்தத் தடவையும் "எரியுதா அக்கா?" என்று கேட்டாள், ஆனால் ஒரே ஒரு தடவைதான். எரியவில்லை. உச்சியில் இன்னும் ஒரு சின்ன அலை நிற்கிறது. அதை விட்டுவிடச் சொன்னேன்.

போன மாதம் நான் அங்கே இருந்தபோது ஒரு பெண் அவசரமாக வந்தார். வேறெங்கோ நேராக்கி, இரண்டு கிழமைக்குள் பாதி சுருண்டுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தங்கையின் கலியாணம். இரட்டிப்புக் காசு தருவேன் என்றார். அவள் மயிரைப் பிரித்துப் பார்த்தாள். ஒரு இழையை நனைத்து இழுத்தாள். அது ரப்பர் மாதிரி நீண்டு அறுந்தது. "இப்ப ஏலாது அக்கா. ஆறு கிழமை கழிச்சு வாங்க. கலியாணத்துக்கு நான் ஆறு பின்னல் போட்டு அலையாக்கி விடுறன், அதுக்குக் காசு கொஞ்சம்தான்" என்றாள். அவர் வேண்டாமென்று குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

அன்று அதற்குப் பிறகு வேறு யாரும் வரவில்லை. மாத வாடகைக்கு இன்னும் மூன்று நாள்தான் இருந்தது. அவள் தும்புத்தடியை எடுத்து, ஒரு மயிர்கூட விழாத தரையைக் கூட்டத் தொடங்கினாள்.