நதி வளைவில் ஒட்டுப்போர்வை

அமெரிக்காவில், அலபாமா நதி மூன்று புறமும் சூழ்ந்த ஜீஸ் பெண்ட் கிராமத்துக்கு வாருங்கள், சகோதரிகளே! வயல் வேலை, சமையல், குழந்தைகள் எல்லாம் போக மிஞ்சிய பொழுதில், கறுப்பினத் தாய்மார்கள் கந்தல் துணிகளைப் போர்வையாக்கிய ஊர் இது. மேல்துணியை அவரவர் கற்பனைப்படி தனியே இணைப்பார்கள். பிறகு சிநேகிதிகள் சட்டத்தைச் சுற்றி உட்கார்ந்து, பஞ்சு வைத்துச் சேர்ந்து தைப்பார்கள். பேச்சுக்கும் பாட்டுக்கும் கேட்கவா வேண்டும்! 1942-ல் மிஸூரி பெட்வே என்ற அம்மாள், காலமான கணவரின் வேலை உடுப்புகளையே போர்வையாகத் தைத்தார். அழகு பார்க்கவா? போர்த்திக்கொள்ளத்தான்!

இவர்கள் ஓட்டுரிமை கேட்ட காலத்தில், 1962-ல், எதிர்க்கரைக் காம்டனுக்குச் செல்லும் படகை நிறுத்திவிட்டார்கள். என்ன நெஞ்சழுத்தம்! ஊசி நிற்கவில்லை. 1966-ல் வட்டாரப் பெண்கள் கூட்டுறவு சங்கம் அமைத்துப் போர்வைகளை விற்றார்கள். 2002-ல் ஜீஸ் பெண்ட் போர்வைகள் நியூயார்க் கலைக்கூடச் சுவரிலே ஏறின. படகு திரும்பி வந்ததோ, 2006-ல்தான்.