வண்டியின் சுருதி

தேனியிலிருந்து குமுளிக்குப் பைக்கில் போகிறவர்களுக்கு இளையராஜாவைக் கேட்டுக்கொண்டே போகவேண்டும் என்று தோன்றுவது இயல்பு. சின்னமனூர் தாண்டினால் வாழையும் தென்னையும் நெல்வயலும். கம்பத்தை நெருங்கும்போது பன்னீர் திராட்சைப் பந்தல்கள். இரு பக்கமும் மலை கூடவே வரும். உத்தமபாளையத்தில் பிரிந்து கோம்பை வழியாகப் போனால் அவர் பிறந்த பண்ணைப்புரம். அந்த ஆசை எனக்கும் உண்டு. ஆனாலும் ஓடும் வண்டியில் இயர்போன் வேண்டாம் என்பேன். உயிருக்காக மட்டுமல்ல, பாட்டுக்காகவும் சொல்கிறேன்.

வேகம் கூடக்கூட, ஹெல்மெட்டைச் சுற்றிச் சுழலும் காற்றின் இரைச்சல் இன்ஜின் சத்தத்தையே அமுக்கிவிடும். நெடுஞ்சாலை வேகத்தில் அது 90 டெசிபலைத் தாண்டும். வேலையிடங்களில் காதுக்குப் பாதுகாப்பான எல்லையாகச் சொல்லப்படுவது எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல். அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகிவிடும். 94 டெசிபல் என்றால் ஒரு மணி நேரம்தான்.

அந்த இரைச்சலில் பெரும்பகுதி கீழ்ஸ்தாயி. அதனால் பாட்டில் முதலில் காணாமல் போவது பேஸ் கிட்டார். இளையராஜா பாட்டில் பேஸ் கிட்டார் பின்னணிக்கு மட்டும் வருவதில்லை; மெட்டுக்கு அடியில் அது தனியாக இன்னொரு மெட்டைப் பாடிக்கொண்டு போகும். 1986-ல் வெளியான 'ஹவ் டு நேம் இட்?' தொகுப்பில் வயலின்கள் ஒன்றோடொன்று பேசுவதைக் கேட்க வீட்டில்கூட அமைதியான நேரம் வேண்டும். காற்றில் இதெல்லாம் கரைந்துபோய், கீச்சென்ற மேல்பகுதி மட்டும் மிஞ்சும். போனதை மீட்க வால்யூமைக் கூட்டுவோம். காற்றும் பாட்டும் சேர்ந்து காதை அறையும்.

அப்போது சாலை கேட்காது. கண்ணாடியில் தெரியுமுன் பின்னால் வரும் பேருந்தைச் சொல்வது அதன் ஏர் ஹாரன். லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறும்போது, ஏலக்காய்த் தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப் இறங்குவது வளைவுக்கு முன்பே காதுக்குத்தான் தெரியும். செயின் தொய்வதையும் டேப்பட் தட்டுவதையும் நல்ல மெக்கானிக் காதால் கண்டுபிடிக்கிறார். ஓட்டுகிறவருக்கும் அந்தக் காது வேண்டும்.

ஓட்டும்போது பாட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒற்றை சிலிண்டர் நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கும். நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால் நொடிக்கு 25 வெடிப்பு. டாப் கியரில் சீராகப் போகும்போது அந்த அதிர்வு சீட்டிலும் ஹேண்டில்பாரிலும் ஒரே சுருதியாக நிற்கும். அதன்மேல் மனப்பாடமான பாட்டை முணுமுணுத்தால், நம் குரல் எலும்பு வழியே காதுக்கு வந்துசேரும். கியர் மாற்றினால் சுருதியும் மாறும். பாட்டையும் அதற்கேற்ப ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். ஹாரன் அடித்தால் அதே நொடியில் நிறுத்தலாம்.

பிடித்த பாட்டை முழுதாகக் கேட்கவேண்டுமா? சாலையோரத்துப் புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள். பேஸ் கிட்டார் திரும்ப வந்துவிடும். அந்தப் பத்து நிமிடத் தாமதத்தால் குமுளி எங்கும் போய்விடாது.