கல்லை வாசிப்பவர்கள்

கல்லை எடுப்பவன் எறியத்தான் எடுப்பான் என்பது உலக வழக்கு. நாம் குனிந்தாலே தெருநாய் ஓடிவிடுகிறது. அதனால்தானோ என்னவோ, இசையமைப்பாளர் கிறிஸ்டியன் வுல்ஃப் எழுதிய 'ஸ்டோன்ஸ்' (கற்கள்) என்ற இசைப் படைப்பைப் பற்றிப் படித்தபோது அதன் கடைசி நிபந்தனையில் மனம் நின்றுவிட்டது: எதையும் உடைத்துவிடக் கூடாது.

1934இல் பிரான்ஸின் நீஸ் நகரில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர் வுல்ஃப். பதின்பருவத்திலேயே இசையமைப்பாளர் ஜான் கேஜிடம் பாடம் கேட்டவர். பிழைப்புக்குக் கல்லூரியில் செவ்வியல் இலக்கியம் சொல்லிக்கொடுத்தவர். இசை படிக்காதவர்களும் வாசிக்கட்டும் என்று 1960களின் இறுதியில் அவர் எழுதத் தொடங்கிய உரைநடைக் குறிப்புகளில் 'ஸ்டோன்ஸ்' ஒன்று. ஸ்வரமும் கிடையாது, தாளக் கணக்கும் கிடையாது. பல அளவிலும் வகையிலும் கற்களை எடுத்துக்கொண்டு ஓசை எழுப்ப வேண்டும். பெரும்பாலும் கல்லோடு கல்லைத் தட்ட வேண்டும்; வில் போட்டு இழுத்தாலும் தவறில்லை. வாண்டல்வைசர் இசைக் குழுவினர் செய்த ஒலிப்பதிவு ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஓடுகிறது. அதில் பெரும்பகுதி மௌனம்.

கேட்ட ஆசையில் நானும் பூந்தொட்டியில் கிடந்த கூழாங்கற்களைப் பொறுக்கித் தட்டிப் பார்த்தேன். இறுக்கிப் பிடித்தால் ஓசை 'டொக்'கென்று செத்துப்போகிறது. உள்ளங்கையைக் குழித்து, கல்லைச் சும்மா உட்காரவைத்துத் தட்டினால் கணீரென்கிறது. நம் சிற்பிகள் அறியாததா? தட்டிக் கேட்டுத்தானே ஆண் கல், பெண் கல் என்று பிரிக்கிறார்கள்!

வுல்ஃபுக்கு நேரெதிர் கலைஞர் ஜிம்மி டர்ஹாம். கட்டடத்திலும் நினைவுச்சின்னத்திலும் சிறைப்பட்ட கல்லை விடுவிக்க வேண்டும் என்றவர் அவர். 2004இல் 'ஸ்மாஷிங்' நிகழ்வில் கோட்டு சூட்டோடு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தார். ஒவ்வொருவராகப் பொருளைக் கொண்டுவந்து வைக்க, கல்லால் நொறுக்கினார்; ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்திக் கொடுத்தார். தாலுகா ஆபீஸில் கால்கடுக்க நின்றவர்களுக்கு அந்த நையாண்டியை விளக்க வேண்டியதில்லை.

கல்லுக்குள்ளேயே புகுந்தவரும் உண்டு. 2017இல் பாரிஸின் பலே தெ டோக்கியோ அரங்கில் நிகழ்த்துக் கலைஞர் ஆப்ரஹாம் புவான்ஷவால், 12 டன் சுண்ணாம்புப் பாறையைத் தன் உடம்பு அளவுக்குக் குடைந்து, ஒரு வாரம் உள்ளேயே அடைந்து கிடந்தார். வெளியே நின்றவர்கள் பாறையிடம் தங்கள் கனவுகளைச் சொன்னார்களாம். ஆனால் செய்திகளில் டன்னும் நாளும்தான் முன்னால் நின்றன. கலை சாதனைப் பட்டியலில் சேர்ந்துவிடும் ஆபத்து அங்கே இருக்கிறது.

என் ஓட்டு வுல்ஃபுக்கே. கையில் கல் இருந்தும் உடைக்காமல் இருப்பதுதான் இந்த மூன்றிலும் கடினம். அரங்கமும் டிக்கெட்டும் வேண்டாம். இரண்டு கல் போதும். தளர்வாகப் பிடித்துத் தட்டிப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால் சங்கீத சாதகம் என்று சொல்லுங்கள், பொய்யில்லை.